பேச்சா, வேலையா? கொங்கு நாட்டின் ஆளெடுப்பு முறைகள்

கோவை வட்டாரத்தில் ஒரே நாளில் மூன்று விதமாக ஆள் எடுக்கிறார்கள். குறிச்சி சிட்கோவில் ஒரு லேத் பட்டறை முதலாளி, பழைய ஆபரேட்டரிடம் "உங்க ஊர்ல பையன் யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க" என்கிறார். திருப்பூரில் பனியன் கம்பெனி வாசலில் "ஓவர்லாக் டைலர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை" என்ற போர்டைப் பார்த்து உள்ளே போன பெண், சிறிது நேரத்தில் மிஷினில் உட்கார்ந்து தைத்துக் காட்டுகிறார். சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கண்ணாடி அறையில், படிப்பை முடிக்கப்போகும் மாணவர் ஒருவர், மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆள் சொல்லிச் சேர்வது, வேலை செய்து காட்டிச் சேர்வது, பேசிக் காட்டிச் சேர்வது என்று இந்த மூன்று முறைகளைப் பிரிக்கலாம். இவற்றில் எது சரியான ஆளைக் கண்டுபிடிக்கிறது? எது யாரை வெளியே நிறுத்துகிறது? வேலை தேடுபவர் எதற்கு, எப்படித் தயாராக வேண்டும்? இந்தக் கேள்விகளை முழுமையாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொங்குப் பட்டறைகளில் வழக்கமாக இருக்கும் "செஞ்சு காட்டுங்க" என்ற முறை, மற்ற இரண்டையும்விட நியாயத்துக்கு நெருக்கமானது. தயாரிப்பும் ஆளெடுப்பும் அதை நோக்கித் திரும்ப வேண்டும்.

மேஸ்திரியிலிருந்து லேபர் ஆபிசர் வரை

1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் நூற்பு மில்லைத் தொடங்கினார். 1930களில் பைகாரா மின்சாரம் வந்ததும் பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் மில்கள் பெருகின. அந்தக் கால இந்திய மில்களில் ஆள் எடுத்தவர் முதலாளி அல்ல, மேஸ்திரி. ஊரிலிருந்து ஆளைக் கூட்டி வருவதும், வேலை கொடுப்பதும், நிறுத்துவதும் அவர் கையில் இருந்தன. நிரந்தரத் தொழிலாளி வராத நாளுக்காகப் பதிலிகள் கேட்டில் காத்து நிற்பார்கள். யாரை உள்ளே விடுவது என்பதை மேஸ்திரியின் தயவு தீர்மானித்தது.

இந்த அதிகாரம் லஞ்சத்துக்கு இடம் கொடுக்கிறது என்று 1931இல் அறிக்கை தந்த ராயல் லேபர் கமிஷன் கண்டித்தது. ஆள் எடுக்கும் பொறுப்பை மேஸ்திரியிடமிருந்து எடுத்து, தனியாக ஒரு லேபர் ஆபிசரிடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்றைய ஹெச்.ஆர். துறையின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. தெரிந்தவருக்கு வேலை என்ற நிலையை மாற்றி, தகுதி உள்ளவருக்கு வேலை என்று ஆக்குவதே அதன் முதல் கடமை. இன்று நேர்காணல் நடத்தும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேஸ்திரிக்கு மாற்றாகக் கல்விச் சான்றிதழ் எழுந்தது. கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் 1945இல், சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி வந்தது. அவிநாசி ரோட்டில் அந்தப் பெயர் இன்றும் பஸ் நிறுத்தமாக வாழ்கிறது. 1951இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, 1956இல் கோவை தொழில்நுட்பக் கல்லூரி (சி.ஐ.டி.), 1984இல் பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரி என்று வரிசை நீண்டது. படிப்போடு தொழிற்கூட வேலையையும் சேர்த்துத் தரும் சாண்ட்விச் படிப்புகள் பி.எஸ்.ஜி.யில் வேரூன்றின. கையில் வேலை தெரிந்த பட்டதாரி வேண்டும் என்பது இந்த மண்ணின் எதிர்பார்ப்பாகவே இருந்திருக்கிறது.

ஆனால் ஆள் சொல்லிச் சேர்க்கும் பழக்கம் போய்விடவில்லை. திருப்பூரின் முதலாளிகளில் பலர் விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து, தொழிலாளியாகத் தொடங்கி, உழைப்பால் உயர்ந்தவர்கள். அந்தப் பயணத்தில் சொந்தமும் சாதியும் ஊரும் எவ்வளவு துணை நின்றன என்பதை ஆய்வாளர் ஷரத் சாரி 2004இல் வெளிவந்த தன் ஆய்வு நூலில் விரிவாகக் காட்டினார். சொந்தத்தில் ஒருவர் உத்தரவாதம் சொன்னால் நம்பிக்கை வருகிறது, தேடும் செலவு குறைகிறது. சிறு பட்டறைக்கு இது நிஜமான லாபம்தான். ஆனால் அந்த லாபத்துக்கான விலையை, பரிந்து பேச ஆளில்லாதவர் கொடுக்கிறார்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் இந்தக் குறையைத் தீர்க்கும் என்று ஒரு தலைமுறை நம்பியது. காலியிடங்களை அங்கே கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்றது 1959ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே பதிந்தவர்களிலிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதனால் தனியார் வேலைக்கு அந்தப் பதிவு பெரிதாக உதவவில்லை. அரசுத் தேர்வுகளுக்கு அங்கே நடக்கும் இலவசப் பயிற்சி வகுப்புகளின் பயன் வேறு, அது பெரியது.

மிஷின் முன்னால் நடக்கும் நேர்காணல்

சி.என்.சி. ஆபரேட்டர் வேலைக்கு வந்தவரைப் பட்டறையில் எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்ப்போம். ஒரு ஜாப்பையும் வெர்னியர் காலிப்பரையும் கையில் கொடுத்து, விட்டம் எவ்வளவு என்று கேட்பார்கள். வந்தவர் முதலில் ஜாப்பைத் துடைக்கிறாரா, காலிப்பரை மூடி சுழியம் சரியாக நிற்கிறதா என்று பார்க்கிறாரா என்பதிலேயே பாதித் தீர்ப்பு முடிந்துவிடும். மெயின் ஸ்கேலைப் படித்து, வெர்னியர் கோடு எங்கே பொருந்துகிறது என்று கண்டு, 0.02 மி.மீ. கணக்கில் அளவைச் சொல்ல வேண்டும். அடுத்து மைக்ரோமீட்டர், அது 0.01 மி.மீ. கணக்கு. பிறகு டிராயிங்கைக் காட்டி, இந்த ஜாப் டாலரன்ஸுக்குள் இருக்கிறதா, தள்ளுபடியா என்று கேட்பார்கள். கடைசியில் ஜி00, ஜி01 இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வி. முன்னது வெட்டாமல் வேகமாக நகர்த்துவது, பின்னது ஃபீடு கொடுத்து நேர்கோட்டில் வெட்டுவது. வெட்ட வேண்டிய இடத்தில் முன்னதைப் போட்டால் டூல் உடையலாம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வந்தவரின் கையும் கண்ணும் பொறுமையும் தெரிந்துவிடுகின்றன. அவர் எந்தச் சாதி, அப்பா என்ன வேலை, ஆங்கிலம் வருமா என்பவற்றுக்கு அங்கே வேலையே இல்லை.

திருப்பூரில் ட்ரையல் இன்னும் வேகமானது. சிங்கரா, ஓவர்லாக்கா, பிளாட்லாக்கா என்று கேட்டு அந்த மிஷினில் உட்கார வைப்பார்கள். நூல் கோத்து, டென்ஷன் சரி பார்த்து, வெட்டிய துணியில் இரண்டு மூன்று பீஸ் தைக்க வேண்டும். சூப்பர்வைசர் தையலைக் கையால் இழுத்துப் பார்ப்பார். பின்னலாடைத் துணி இழுத்தால் நீளும். தையலும் அதோடு நீள வேண்டும், அறுந்தாலோ சுருங்கினாலோ ஆள் இன்னும் பழக வேண்டும் என்று பொருள். எந்தப் பயோடேட்டாவும் இவ்வளவு தெளிவாக உண்மை சொல்லாது.

இந்த முறைக்கும் குறைகள் உண்டு. மிஷினில் உட்காரவே வாய்ப்புக் கிடைக்காதவர் எதைச் செய்து காட்டுவார்? கைமடியிலும் செக்கிங்கிலும் ஆண்டுக்கணக்கில் இருந்தும் தையல் பழக விடப்படாத பெண்கள் ஏராளம். ட்ரையல் என்ற பெயரில் ஒரு நாள் முழுக்க வேலை வாங்கிக்கொண்டு கூலி தராமல் அனுப்பும் இடங்களும் உண்டு.

இவை எல்லாவற்றையும்விடக் கொடுமையானது, எந்தக் கேள்வியும் கேட்காமல் ஆள் எடுத்த முறை. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், தென் மாவட்டக் கிராமங்களிலிருந்து இளம் பெண்களைப் புரோக்கர்கள் மூலம் கொங்குப் பகுதி மில்களுக்கு அழைத்து வந்தார்கள். மூன்று ஆண்டு முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்பது வாக்குறுதி. பேச்சு பெற்றோரிடம் நடந்தது, வேலை செய்யப்போகும் பெண்ணிடம் நடக்கவில்லை. விடுதி, வெளியே போகக் கட்டுப்பாடு, இடையில் நின்றால் தொகை இல்லை என்ற நிபந்தனைகளை 2011இல் வெளிவந்த 'கேப்சர்டு பை காட்டன்' என்ற சர்வதேச அறிக்கை உலகுக்குக் கொண்டுபோனது. வேலைக்கு வருபவரும் கேள்வி கேட்க வேண்டும், பதில் பெற வேண்டும். அந்த உரிமை இல்லாத இடத்தில் நடப்பதை ஆளெடுப்பு என்றே சொல்லக் கூடாது.

கண்ணாடி அறைக் கேள்விகள்

கல்லூரி வளாகத் தேர்வின் படிகள் இன்று எல்லாருக்கும் தெரியும். கணினியில் ஆப்டிடியூட் தேர்வு, நிரல் எழுதும் தேர்வு, டெக்னிக்கல் நேர்காணல், கடைசியில் ஹெச்.ஆர். முதல் இரண்டும் எண்ணிக்கையைக் குறைப்பதற்கானவை, பயிற்சியால் தாண்டலாம். சிக்கல் பின்னிரண்டில்தான்.

டெக்னிக்கல் அறையில் மாணவர் தடுமாறும் இடம் பெரும்பாலும் அவருடைய சொந்த பிராஜெக்ட். காந்திபுரம், நூறடி ரோடு பக்கம் உள்ள பிராஜெக்ட் சென்டர்களில் பணம் கட்டி வாங்கிய ஒன்றை எவ்வளவு மனப்பாடம் செய்தாலும், "ஏன் இந்த சென்சார்? வேறு ஏதாவது போட்டுப் பார்த்தீர்களா?" என்ற இரண்டாவது கேள்வியில் எல்லாம் வெளிச்சமாகிவிடும். தானே செய்து பாதியில் நின்ற ஒரு சின்ன வேலை, காசு கொடுத்து வாங்கிய பெரிய வேலையைவிட அந்த அறையில் மதிப்பு மிக்கது.

ஹெச்.ஆர். அறையில் இருக்கும் தடை வேறு. பெரியவர் முன்னால் அளந்து பேசு, தன்னைப் பற்றித் தானே பெருமை பேசாதே என்று சொல்லி வளர்க்கிறார்கள் கொங்குக் குடும்பங்களில். "ஆமாங்க", "சரிங்க", "பண்ணிரலாங்க" என்று மரியாதையோடு சுருக்கமாகப் பேசிப் பழகிய பிள்ளை, ஆங்கிலக் கேள்வி முன்னால் இன்னும் சுருங்குகிறது. எதிரே இருப்பவர் அதைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று குறித்துக்கொள்கிறார். தமிழ் வழியில் படித்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் மாணவர்கள் இப்படித் திறமை இருந்தும் தோற்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

பாகுபாடு இதைவிட ஆழமாகப் போகிறது. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயர் மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், அழைப்பு வரும் சாத்தியம் தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பேட்டி கண்ட மேலாளர்கள், தகுதிதான் முக்கியம் என்று சொல்லிக்கொண்டே, "குடும்பப் பின்னணி" பற்றிக் கேட்பதாக ஒப்புக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டுவதில்லை. அது நம் பெருமை. ஆனால் "எந்த ஊருங்க? ஊருக்குள்ளேயா, பக்கத்திலேயா? அப்பா என்ன பண்றாருங்க?" என்று அடுக்கினால், பெயர் சொல்லாததை ஊரும் தெருவும் சொல்லிவிடும். பெண்களிடம் கேட்கப்படும் "கல்யாணம் எப்போ?" என்ற கேள்வியும் இதே வகை. ஆளெடுப்பில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொல்லிவிட்டது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

எந்தத் தேர்வு முறை ஒருவரின் பிற்கால வேலைத்திறனைச் சரியாகக் கணிக்கிறது என்பது நூறாண்டுக் கேள்வி. ஷ்மிட், ஹன்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் ஒரு பட்டியல் தந்தார்கள். வேலையைச் செய்து காட்டும் சோதனை அதில் முன் வரிசையில் 0.54 கணிப்பு மதிப்பு பெற்றிருந்தது (1 என்றால் கணிப்பு முழுக்கச் சரி). 2022இல் பால் சாக்கெட்டும் குழுவினரும் கணக்குமுறையில் இருந்த பிழைகளைத் திருத்தியபோது எண்கள் இறங்கின. எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் ஒழுங்குபட்ட நேர்காணல் 0.42 பெற்று முதலிடம் பிடித்தது. தொழில் அறிவுத் தேர்வு 0.40, வேலைச் சோதனை 0.33 பெற்றன. நினைத்ததைக் கேட்கும் நேர்காணல் 0.19தான். எத்தனை ஆண்டு அனுபவம் என்ற கணக்கு வெறும் 0.07.

இந்தத் திருத்தம் என் வாதத்தைச் செம்மைப்படுத்துகிறது. ட்ரையல் மட்டுமே போதாது. வேலையை ஒட்டிய கேள்விகளை முன்கூட்டியே தயாரித்து, எல்லாரிடமும் ஒன்றுபோலக் கேட்கும் நேர்காணலும் அதோடு சேர வேண்டும். இரண்டுக்கும் பொதுவான பண்பு, வேலையை மையத்தில் வைப்பது. மனம்போன போக்கில் பேசி ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கை எவ்வளவு பொய் என்பதற்கு ஜேசன் டானா, ராபின் டாஸ் குழுவினர் நடத்தி 2013இல் வெளிவந்த சோதனை சாட்சி. எதிரே இருந்தவர்கள் ரகசிய விதிப்படி தற்செயலாகப் பதில் சொன்ன நேர்காணல்களிலும், கேள்வி கேட்டவர்கள் அந்த ஆளை நன்றாகப் புரிந்துகொண்டதாகவே எண்ணினார்கள்.

தயாராவது எப்படி?

முதலில், செய்து காட்ட ஒன்றைக் கையில் வைத்திருங்கள். பவுண்டரிக்குப் போகிறவர் ஒரு வார்ப்பில் வந்த குறையையும் அதன் காரணத்தையும் விளக்கத் தெரிந்திருக்கட்டும். மென்பொருளுக்குப் போகிறவர் தானே எழுதிய, ஓடுகிற ஒரு சின்னச் செயலியை வைத்திருக்கட்டும். கணக்கர் வேலைக்குப் போகிறவர் டேலியில் ஒரு மாதக் கணக்கை முடித்து, ஜி.எஸ்.டி. விவரத்தோடு ஒத்துப் பார்த்த அனுபவத்தைச் சொல்லட்டும். பிரச்சினை என்ன, நான் என்ன செய்தேன், எது தவறிப்போனது, பிறகு என்ன மாறியது என்ற வரிசையில் மூன்று நான்கு சம்பவங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். "நாங்க பண்ணுனோம்" என்று அடக்கத்தோடு நிறுத்தாதீர்கள். அதில் உங்கள் கை எது என்று சொல்வது பெருமையடிப்பது ஆகாது, கேட்பவருக்குத் தேவையான தகவல் அது.

நிறுவனத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு போங்கள். நூற்பு இயந்திரம் செய்யும் எல்.எம்.டபிள்யூ. நிறுவனத்துக்குப் போகிறவருக்கு, அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சமாவது தெரிய வேண்டும். பம்ப் கம்பெனிக்குப் போகிறவர் ஹெட், டிஸ்சார்ஜ் இரண்டுக்கும் உள்ள உறவைப் படித்திருக்க வேண்டும்.

ஆங்கிலத்துக்கு அஞ்ச வேண்டாம். சின்ன வாக்கியங்கள் போதும். கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேட்கச் சொல்லலாம். ஒரு இடத்தில் சொல் வராவிட்டால், தமிழில் விளக்கலாமா என்று அனுமதி கேட்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்துகொள்ள என்ன செய்வேன் என்றும் சேர்த்துச் சொல்பவர் மேல் மதிப்புக் கூடும்.

பரிந்து பேச ஆளில்லை என்று கலங்குபவர்களுக்கு ஒரு செய்தி. நெருங்கிய உறவினரைவிட, எப்போதாவது பார்க்கும் அறிமுகங்கள் வழியாகத்தான் பலருக்கு வேலைத் தகவல் வருகிறது என்று மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரையில் காட்டினார். ஐ.டி.ஐ. ஆசிரியர், இரண்டு வருடம் முந்தைய சீனியர், டூல்ஸ் கடைக்காரர் ஆகியோரிடம் வேலை தேடுவதைக் கூச்சமில்லாமல் சொல்லி வையுங்கள். 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் படிப்புகளையும், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கும் அப்ரன்டிஸ் பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள். செய்து காட்ட முதல் வாய்ப்புக் கிடைக்காதவருக்கு அவைதான் வழி.

கையெழுத்துக்கு முன்னால்

சம்பளம் என்றால் சி.டி.சி.யை, அதாவது உங்களுக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவைச் சொல்வார்கள், கைக்கு வருவது வேறு. பி.எஃப்.க்கு உங்கள் பங்கு 12 சதவீதம், இ.எஸ்.ஐ. பொருந்தினால் 0.75 சதவீதம் போகும். நிறுவனத்தின் பங்கையும் சி.டி.சி.யில் சேர்த்திருப்பார்கள். "மாதம் கைக்கு எவ்வளவு வருங்க?" என்று கேட்பதில் தவறே இல்லை.

பாண்டு கேட்டால் ஆண்டும் தொகையும் பார்த்துக் கையெழுத்திடுங்கள். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் பாண்டு வெறும் மிரட்டல் என்று அலட்சியமாக இருக்க முடியாது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது.

வேலைக்குப் பணம் கேட்பவரிடமிருந்து விலகுங்கள். வெளிநாட்டு வேலை என்றால், ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். கணினி வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழ் இளைஞர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டு வந்தார்கள். அவர்களை அனுப்பியதும் ஒரு நேர்காணல்தான்.

நியமனக் கடிதம் கேட்டு வாங்குங்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதை நிறுவனங்களின் கடமையாக்கியிருக்கின்றன. சனிக்கிழமை சம்பளம் வாங்கும் டைலருக்கும் அந்தக் காகிதம் தேவை.

ஆள் எடுப்பவர்களுக்கு

மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே கைவிட்டது. சிபாரிசுக்கும் லஞ்சத்துக்கும் அது இடம் கொடுக்கிறது என்பதே காரணம். ஒவ்வொரு தனியார் நிறுவனமும் அப்படிக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செலவில்லாத சில மாற்றங்கள் போதும். பதவிக்கு ஆறு கேள்விகளை முன்பே எழுதி, எல்லாரிடமும் அவற்றையே கேளுங்கள். கேட்பவர்கள் தனித்தனியாக மதிப்பெண் போட்ட பிறகே கலந்து பேசட்டும். அலுவலக வேலைக்கும் அரை மணி நேர வேலைச் சோதனை வையுங்கள். பட்டறையில் வெர்னியர் கொடுப்பதுபோல, அங்கே ஒரு கடிதத்தையோ கணக்கையோ கொடுக்கலாம். ட்ரையல் அரை மணியைத் தாண்டினால் கூலி கொடுங்கள். குடும்பம், ஊர், கல்யாணம் பற்றிய கேள்விகளை விட்டுவிடுங்கள். தேர்வாகாதவருக்கும் ஒரு வரியில் முடிவைச் சொல்லுங்கள். 2022இல் ஆஃபர் லெட்டர் வாங்கிய பொறியியல் பட்டதாரிகள் சிலர் இரண்டு ஆண்டு வரை அழைப்புக்குக் காத்திருந்தார்கள். வேறு வேலை தேடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்க வைப்பது ஒரு இளைஞரின் காலத்தைத் திருடுவது.

இந்த ஊரை எழுப்பியது உழைப்பு என்று நாம் மேடைதோறும் சொல்கிறோம். அது உண்மை என்றால், ஆள் எடுக்கும்போதும் உழைப்பைத்தான் பார்க்க வேண்டும். பட்டறையில் ஐ.டி.ஐ. முடித்த பையனுக்குக் கிடைக்கும் அந்தப் பதினைந்து நிமிட நியாயம், சரவணம்பட்டியின் கண்ணாடி அறையில் தயங்கிப் பேசும் மாணவிக்கும் கிடைக்கட்டும். அதற்குப் பெரிய முதலீடோ புதிய சட்டமோ தேவையில்லை. "செஞ்சு காட்டுங்க" என்று எல்லாரையும் பார்த்து ஒன்றுபோலச் சொல்லும் மனம் போதும்.